கிரேக்கமும் ரோமும் ஐரோப்பாவுக்கு மட்டும் சொந்தமா?

கேள்வி இதுதான்: "கிரேக்கம், ரோம் என்றாலே ஐரோப்பிய வரலாறு என்றுதான் பள்ளியில் படித்தோம். ஆனால் கிரேக்கர்களின் அறிவு முழுவதும் எகிப்திலிருந்து திருடியது என்று ஒரு காணொளியில் சொல்கிறார்கள். ரோமை ஆண்ட செப்டிமியஸ் செவரஸ் கறுப்பினத்தவர் என்றும் சொல்கிறார்கள். ஆப்பிரிக்காவுக்கு இதில் உண்மையிலேயே என்ன பங்கு?"

திருட்டைப் பற்றியும் செவரஸைப் பற்றியும் பிறகு வருகிறேன். முதலில் ஒரு தலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

1910 டிசம்பரில், இன்றைய சூடானில் நைல் கரையோரம், மெரோவே என்ற பழைய தலைநகரத்தில் ஜான் கார்ஸ்டாங் என்ற ஆங்கிலேயர் அகழாய்வு செய்துகொண்டிருந்தார். ஒரு கோயிலின் படிக்கட்டுக்கு அடியில், மணலுக்குள் ஒரு வெண்கலத் தலை கிடைத்தது. ஆளைவிடப் பெரிய ஒரு சிலையிலிருந்து தனியாகப் பெயர்த்தெடுத்த தலை. கண்ணாடியும் கல்லும் பதித்த கண்கள் அப்படியே விழித்துக்கொண்டிருந்தன. முகம் யாருடையது என்பதில் குழப்பமே இல்லை. ரோமின் முதல் பேரரசர் அகஸ்டஸ். ரோமின் எல்லை முடிந்து வெகுதூரம் தெற்கே இருக்கிற ஓர் ஊரில் அவர் தலைக்கு என்ன வேலை?

அதே காலத்தில் வாழ்ந்த கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ இந்தக் கதையை எழுதி வைத்திருக்கிறார். கி.மு. 30இல் கிளியோபாட்ரா இறந்ததும் எகிப்து ரோமின் கைக்குப் போனது. அதற்குத் தெற்கே குஷ் என்ற பெரிய அரசு. எகிப்திலிருந்த ரோமப் படையில் ஒரு பகுதி அரேபியாவுக்குப் போன சமயம் பார்த்துக் குஷ் படை ஆற்றோடு இறங்கி வந்தது. சையீன் (இன்றைய அஸ்வான்), எலிஃபன்டைன், ஃபிலே மூன்றையும் பிடித்தார்கள். மக்களைச் சிறைபிடித்தார்கள். சீசரின், அதாவது அகஸ்டஸின், சிலைகளைக் கீழே தள்ளினார்கள். குஷ் நாட்டில் அரசிக்குக் 'கண்டகே' என்பது பட்டப்பெயர். அந்தக் கண்டகே ஆண்மை மிக்கவர், ஒரு கண் பார்வை இழந்தவர் என்கிறார் ஸ்ட்ராபோ. அமானிரெனாஸ் என்ற அரசிதான் அவர் என்று பொதுவாகக் கருதுகிறார்கள்.

ரோம ஆளுநர் பெட்ரோனியஸ் சும்மா இருக்கவில்லை. படையெடுத்துப் போய் நபாட்டா நகரத்தைச் சூறையாடினார். கண்டகே மறுபடியும் படை திரட்டி வந்தார். கடைசியில் பேச்சுவார்த்தை. "சீசரிடம் போய்ப் பேசுங்கள்" என்று ரோமர்கள் சொன்னபோது, "சீசர் யார், அவரை எங்கே போய்ப் பார்ப்பது என்று எங்களுக்குத் தெரியாதே" என்றார்களாம் தூதர்கள். துணைக்கு ஆள் கொடுத்து, அகஸ்டஸ் தங்கியிருந்த சாமோஸ் தீவுக்கு அவர்களை அனுப்பிவைத்தார்கள். கேட்டதெல்லாம் கிடைத்தது. விதித்த கப்பத்தையும் அகஸ்டஸ் தள்ளுபடி செய்தார். அந்த எல்லை ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் நிலைத்தது.

பெயர்த்தெடுத்த அந்தத் தலையை மெரோவேக்கு எடுத்துப்போய்க் கோயில் படிக்குக் கீழே புதைத்தார்கள். கோயிலுக்குள் நுழைகிற ஒவ்வொருவரும் அகஸ்டஸின் தலையை மிதித்துக்கொண்டே போக வேண்டும். இன்றைக்கு அது லண்டனில், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அகஸ்டஸுக்குக் கிடைத்திருக்கிற வெண்கல உருவங்களில் மிகச் சிறந்தவற்றில் ஒன்று இது. அந்த முகம் நமக்கு முழுசாகக் கிடைத்ததற்குக் காரணமே ஓர் ஆப்பிரிக்க அரசு அதை வெற்றிச் சின்னமாகப் புதைத்து வைத்ததுதான்.

இதை முதலில் சொன்னதற்குக் காரணம் உண்டு. ஆப்பிரிக்காவின் பங்கு என்றாலே 'எகிப்து என்ன கொடுத்தது, கிரேக்கம் என்ன வாங்கியது' என்ற கணக்கிலேயே நின்றுவிடுகிறோம். எதிர்த்து நின்றவர்கள், எழுதியவர்கள், பாதுகாத்தவர்கள், பின்னாளில் அடிமைச் சங்கிலியிலிருந்து எழுந்து அதைத் திரும்பப் படித்தவர்கள் என்று இந்த உறவுக்கு இன்னும் பல பக்கங்கள் இருக்கின்றன.

'ஆப்பிரிக்கா' என்ற பெயரே ரோமர்கள் வழியாக வந்ததுதான். கி.மு. 146இல் கார்த்தேஜ் நகரத்தை அழித்துவிட்டு, இன்றைய துனீசியாவின் வடபகுதியில் அவர்கள் அமைத்த மாகாணத்தின் பெயர் அது. எகிப்துக்குத் தெற்கே வாழ்ந்த கறுத்த நிற மக்களைக் கிரேக்கர்கள் 'ஐத்தியோப்பியர்' என்றார்கள். வெயிலில் கருகிய முகத்தார் என்று பொருள். அந்தச் சொல்லில் இழிவு இல்லை. ஹோமரின் இலியட்டில் ஜீயஸே 'குற்றமற்ற ஐத்தியோப்பியர்' நாட்டுக்கு விருந்துண்ணப் போகிறார், திரும்ப வருவது பன்னிரண்டாம் நாள்தான். டிராய்ப் போரில் மெம்னோன் என்ற ஐத்தியோப்பிய அரசன் பெருவீரனாக வருகிறான்.

சரி, திருட்டுக்கு வருவோம். கிரேக்கர்கள் எகிப்தியரிடமிருந்து நிறையக் கற்றார்கள் என்பது உண்மை. அதைக் கிரேக்கர்களே கூச்சமில்லாமல் ஒப்புக்கொண்டார்கள். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஹெரோடோட்டஸ் நேரில் போய்ப் பார்த்து, தன் நூலின் ஒரு பகுதி முழுவதையும் எகிப்துக்கே ஒதுக்கினார். கடவுளரின் பெயர்கள் ஏறக்குறைய எல்லாமே எகிப்திலிருந்து வந்தவை என்று வேறு சொன்னார் (அது மிகைதான்). அவருக்கு முன்பே கிரேக்கர்கள் அங்கே கூலிப்படையாகப் போயிருந்தார்கள். அபு சிம்பலில் ராமேசஸ் சிலையின் காலில், கி.மு. 590களில் அந்தச் சிப்பாய்கள் தங்கள் பெயர்களைக் கிரேக்க எழுத்தில் கீறி வைத்திருக்கிறார்கள். கிரேக்கத்தின் ஆரம்பகாலக் கல் சிலைகளைப் பாருங்கள். இடது காலை ஒரு எட்டு முன்வைத்து, கைகளை முட்டியாக மடக்கித் தொடையோடு சேர்த்து நிற்கிற அந்த நிலை அப்படியே எகிப்தியச் சிற்பியின் பட்டறையிலிருந்து வந்தது. அவர்கள் எழுதிய பப்பைரஸ் தாள் நைல் கரைக் கோரையில் செய்தது.

ஆனால் காணொளி சொல்கிற திருட்டுக் கதை வேறு. அலெக்சாந்திரியா நூலகத்திலிருந்த எகிப்திய நூல்களை அரிஸ்டாட்டில் எடுத்துத் தன் பெயரில் போட்டுக்கொண்டார் என்பார்கள். அரிஸ்டாட்டில் இறந்தது கி.மு. 322இல். அந்த நூலகத்தை உருவாக்கியவர்கள் அதற்குப் பிறகு எகிப்தை ஆண்ட தாலமி அரசர்கள். அவர் இறந்த பிறகு கட்டிய நூலகத்திலிருந்து அவர் எப்படித் திருட முடியும்? இந்தக் கதை ஏன் பிறந்தது என்பது எனக்குப் புரிகிறது. ஆப்பிரிக்காவுக்கு வரலாறே கிடையாது என்று நூற்றாண்டுகளாகச் சொல்லிச் சொல்லிக் காயப்படுத்திய பிறகு எழுந்த குரல் அது. இருந்தாலும் பொய்யான ஆதாரம் உண்மையான பங்களிப்பை மறைத்துவிடும் என்பதுதான் என் வருத்தம். உண்மையே போதுமான அளவு பெரியது.

ஒரே ஓர் எடுத்துக்காட்டு. உங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிற ஆங்கில நாட்காட்டி. ஆண்டுக்கு 365 நாள் என்ற கணக்கை எகிப்தியர்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வைத்திருந்தார்கள். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை ஒரு நாள் கூட்ட வேண்டும் என்று கி.மு. 238இல் எகிப்தியப் பூசாரிகளின் பேரவை ஒன்று கனோபஸில் தீர்மானம் போட்டுக் கல்லில் வெட்டியது. நடைமுறையில் அதை யாரும் பின்பற்றவில்லை. ஜூலியஸ் சீசர் ரோமின் குழம்பிப்போன நாட்காட்டியைத் திருத்த முனைந்தபோது, சோசிஜெனிஸ் என்ற அலெக்சாந்திரிய வானியலாளரைத்தான் கலந்தார். 365 நாளும் லீப் ஆண்டும் அப்படித்தான் ரோமுக்குப் போய், அங்கிருந்து உலகமெங்கும் பரவின.

அலெக்சாந்திரியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். யூக்ளிட் வடிவியல் எழுதிய ஊர். எபிரேய வேதம் முதன்முதலாகக் கிரேக்கத்தில் பெயர்க்கப்பட்ட ஊர். அதன் நூலகத் தலைவர்களில் ஒருவரான எரட்டாஸ்தனீஸ் பிறந்தது இன்றைய லிபியாவிலுள்ள சிரீனில், கி.மு. 7ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்கர்கள் வந்து குடியேறிய ஊர் அது. கோடையின் நீண்ட பகல் நாளில் சையீனில் நடுப்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும், நிழலே விழாது என்று அவருக்குத் தெரியும். அதே நேரத்தில் அலெக்சாந்திரியாவில் விழுகிற நிழலின் கோணத்தை அளந்தார். ஒரு வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு வந்தது. இரண்டு ஊருக்கும் இடையே 5,000 ஸ்டேடியம் (அக்காலக் கிரேக்கத் தூர அளவு) தூரம். பெருக்கினார்: பூமியின் சுற்றளவு 2,50,000 ஸ்டேடியம். பிறந்த ஊர், அளந்த ஊர்கள் எல்லாமே ஆப்பிரிக்க மண்ணில்தான்.

எரட்டாஸ்தனீஸ் கிரேக்கக் குடியேறிகளின் வழிவந்தவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தாலமிகளின் ஆட்சியில் அதிகாரம் கிரேக்கர் கையில்தான் இருந்தது. எகிப்திய உழவர்கள் வரி கட்டினார்கள். ஆனாலும் அந்த மண்ணின் மைந்தர்கள் கிரேக்கத்தில் எழுதத் தொடங்கினார்கள். மனெத்தோ என்ற எகிப்தியப் பூசாரி கி.மு. 3ஆம் நூற்றாண்டில் தன் நாட்டு வரலாற்றைக் கிரேக்க மொழியில் எழுதினார். பதினெட்டாம் வம்சம், பத்தொன்பதாம் வம்சம் என்று இன்றைக்கும் எல்லாரும் எண்ணுகிறோமே, அது அவர் போட்ட கணக்குத்தான்.

இந்த ஆப்பிரிக்கத் துறைமுகங்களோடு நமக்கும் நேரடி உறவு உண்டு. யவனர் பொன்னோடு வந்து கறியோடு, அதாவது மிளகோடு, திரும்பினார்கள் என்று அகநானூறு முசிறியைப் பாடுகிறது. அந்த மரக்கலங்கள் கிளம்பியது இத்தாலியிலிருந்தோ ஏதென்ஸிலிருந்தோ கிடையாது. எகிப்தின் செங்கடற்கரையில் இருந்த பெரெனிகே, மயோஸ் ஹார்மோஸ் என்ற துறைமுகங்களிலிருந்து. பெரெனிகேயில் ஒரு கோயில் வளாகத்தில், இந்தியாவில் செய்த ஒரு சாடிக்குள் சுமார் 7.5 கிலோ மிளகு அகழாய்வில் கிடைத்தது. மயோஸ் ஹார்மோஸ் இருந்த குசைர் அல்-காதிமில் கிடைத்த பானை ஓட்டில் 'பானை ஒறி' என்று தமிழி எழுத்து. உறியில் தொங்கவிட்ட பானை! முசிறிக் கடன் ஒப்பந்தம் எழுதிய கிரேக்கப் பப்பைரஸ் ஒன்றும் எகிப்திலிருந்து கிடைத்தது. செங்கடலில் சரக்கை இறக்கி, பாலைவனத்தில் ஒட்டகம் ஏற்றி, கோப்டோஸில் நைல் படகுக்கு மாற்றி, அலெக்சாந்திரியா கொண்டுபோய் நான்கில் ஒரு பங்கு சுங்கம் கட்டுகிற ஏற்பாடு அதில் இருக்கிறது. மதுரையும் முசிறியும் கண்ட யவனர்களில் பலர் ஆப்பிரிக்காவில் வீடு வாசல் உள்ளவர்களாக இருந்திருப்பார்கள்.

இதே எகிப்திய மணல்தான் கிரேக்க இலக்கியத்தைக் காப்பாற்றிய பெட்டகமும். ஐரோப்பாவின் ஈரத்தில் பப்பைரஸ் மட்கிவிடும். மழையே பெய்யாத எகிப்தில் மட்காது. 1896-97 குளிர்காலத்தில் கிரென்ஃபெல், ஹண்ட் என்ற இரண்டு இளைஞர்கள் ஆக்சிரிங்கஸ் என்ற ஊரின் குப்பைமேடுகளைத் தோண்டத் தொடங்கினார்கள். சுமார் ஐந்து லட்சம் துண்டுகள் கிடைத்தன. காலத்தில் தொலைந்துபோன கிரேக்கப் பெண்கவி சாஃபோவின் கவிதை வரிகள், ஏதென்ஸ் நாடகாசிரியர் சோஃபோக்ளீஸின் ஒரு நாடகப் பகுதி எல்லாம் அந்தக் குப்பையிலிருந்துதான் வந்தன. அரிஸ்டாட்டில் மரபில் வந்த ஏதென்ஸ் அரசியலமைப்பு நூலும் எகிப்தில் கிடைத்த பப்பைரஸிலிருந்துதான் 1891இல் அச்சேறியது.

எனக்கு மிகப் பிடித்தது அங்கே கிடைத்த தியோன் என்ற சிறுவனின் கடிதம். அப்பா அவனை விட்டுவிட்டு அலெக்சாந்திரியாவுக்குப் போய்விட்டார். பையனுக்குக் கோபம். என்னைக் கூட்டிப்போகாவிட்டால் கடிதம் எழுத மாட்டேன், பேச மாட்டேன், சாப்பிட மாட்டேன், குடிக்கவும் மாட்டேன் என்று எழுத்துப்பிழைகள் மலிந்த கிரேக்கத்தில் மிரட்டுகிறான். கிரேக்க மொழி தத்துவஞானிகளின் சொத்தாக மட்டும் இருக்கவில்லை என்பதை இந்தக் கடிதத்தைப் போல வேறெதுவும் எனக்குக் காட்டியதில்லை. நைல் கரைச் சிற்றூர் ஒன்றில் ஒரு பிள்ளை அடம்பிடித்த மொழி அது.

இங்கே இன்னோர் இழை வந்து சேர்கிறது. ஏதென்ஸின் நகைச்சுவை நாடகாசிரியர் மெனாண்டரின் நாடகங்கள் முழுதாக ஒன்றுகூட மிஞ்சாமல் தொலைந்துபோயிருந்தன. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக உலகம் மெனாண்டரை அறிந்ததெல்லாம் பெரும்பாலும் டெரன்ஸ் என்ற லத்தீன் நாடகாசிரியர் வழியாகத்தான். அவருடைய ஆறு நாடகங்களில் நான்கு மெனாண்டரைத் தழுவியவை. அந்த டெரன்ஸின் முழுப்பெயர் புப்ளியஸ் டெரன்ஷியஸ் ஆஃபர். 'ஆஃபர்' என்றால் ஆப்பிரிக்கர். கார்த்தேஜில் பிறந்து, அடிமையாக ரோமுக்கு வந்து, அறிவைப் பார்த்து எசமானரே விடுதலை செய்த இளைஞர். கறுத்த நிறமும் மெலிந்த உடலும் கொண்டவர் என்று பின்னாளில் சூட்டோனியஸ் என்ற ரோம எழுத்தாளர் எழுதினார். கடைசியில் 1958இல் மெனாண்டரின் முழு நாடகம் ஒன்று அச்சில் வந்தது. அது கிடைத்ததும் எகிப்தியப் பப்பைரஸில்தான். மெனாண்டரை ஓர் ஆப்பிரிக்கர் லத்தீனில் காப்பாற்றினார். ஆப்பிரிக்க மணல் கிரேக்கத்திலேயே காப்பாற்றியது.

கி.மு. 163இல் அரங்கேறிய ஒரு நாடகத்தில் டெரன்ஸ் எழுதிய வரி உலகப் புகழ்பெற்றது: "நான் மனிதன், மனிதர் சம்பந்தப்பட்ட எதையும் எனக்கு அந்நியமாக நினைப்பதில்லை." நாடகத்தில் இதைச் சொல்கிறவர், ஊர் விவகாரத்தில் மூக்கை நுழைக்கிற ஒரு பக்கத்துத் தோட்டக்காரர். ஆனால் எழுதியவர் விற்கப்பட்டு வாங்கப்பட்ட மனிதர் என்று தெரிந்த பிறகு அந்த வரி வேறு மாதிரி கேட்கிறது.

ரோம ஆப்பிரிக்காவில் டெரன்ஸ் தனி ஆள் இல்லை. கார்த்தேஜ் வீழ்ந்தபோது, அந்நகரத்து மாகோ எழுதிய வேளாண் நூலை லத்தீனில் பெயர்க்கும்படி ரோமின் செனட் சபையே உத்தரவிட்டது. 28 பகுதிகள் கொண்ட பெரிய நூல். எதிரியின் நூலகத்தில் அவர்கள் எதை மதித்தார்கள் என்பதற்கு அது சாட்சி. பேரரசர் மார்க்கஸ் அரேலியஸுக்கு லத்தீன் சொல்லிக்கொடுத்த ஃப்ரான்டோ, இன்றைய அல்ஜீரியாவின் சிர்ட்டா ஊர்க்காரர். முழுமையாக மிஞ்சியிருக்கிற ஒரே லத்தீன் நாவலை எழுதிய அப்புலேயஸ், தன்னைப் பாதி நுமிடியன், பாதி கேட்டுலியன் (இரண்டும் வட ஆப்பிரிக்கப் பூர்வகுடிகள்) என்று சொல்லிக்கொண்ட மதௌரஸ் ஊர்க்காரர். ஒரு பணக்கார விதவையைச் சூனியம் வைத்து மணந்தார் என்று அவர்மேல் வழக்குப் போட்டார்கள். நீதிமன்றத்தில் அவர் நிகழ்த்திய எதிர்வாதமே ஓர் இலக்கியமாக நிலைத்துவிட்டது. ரோமின் பெருங்கவிஞர் வெர்ஜிலின் உருவத்தை இரண்டு கலைத்தேவியரோடு காட்டுகிற புகழ்பெற்ற பழைய மொசைக் ஓவியம் கிடைத்ததும் துனீசியாவின் சூஸ் நகரில்தான். இப்போது துனிஸின் பார்தோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இரண்டாம் ஜூபாவைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. நுமிடிய அரசரான அவருடைய தந்தை சீசரை எதிர்த்துத் தோற்று இறந்தார். கி.மு. 46இல் சீசரின் வெற்றி ஊர்வலத்தில் கைக்குழந்தையான ஜூபாவை ரோமின் தெருக்களில் கொண்டுபோனார்கள். அங்கேயே வளர்ந்து, பெரும் படிப்பாளியானார். அகஸ்டஸ் அவரை மொரிட்டானியாவுக்கு (இன்றைய மொராக்கோ, அல்ஜீரியா பகுதி) அரசராக்கினார். கிளியோபாட்ராவுக்கும் ஆன்டனிக்கும் பிறந்த கிளியோபாட்ரா செலீனியை அவருக்கு மணமுடித்தார்கள். அந்தப் பெண்ணும் சிறுமியாக இருந்தபோது இப்படியொரு வெற்றி ஊர்வலத்தில் நடத்திச் செல்லப்பட்டவள்தான். தோற்ற இரண்டு வீட்டுப் பிள்ளைகள் சேர்ந்து, இன்றைய அல்ஜீரியாவின் ஷெர்ஷெல்லில், கிரேக்கப் புலவர்களும் சிற்பிகளும் நிறைந்த ஓர் அரசவையை நடத்தினார்கள். ஜூபா கிரேக்கத்தில் எழுதிக் குவித்தார். அட்லஸ் மலையில் கண்ட ஒரு கள்ளிச் செடிக்குத் தன் மருத்துவர் யூஃபோர்பஸின் பெயரை வைத்தார். தாவரவியலில் அந்த இனத்துக்கே இன்றைக்கும் 'யூஃபோர்பியா' என்று பெயர். நம் ஊர் வேலிகளில் நிற்கிற திருகுகள்ளியின் அறிவியல் பெயர் யூஃபோர்பியா திருகள்ளி. முன்பாதி ஒரு பெர்பர் (வட ஆப்பிரிக்கப் பூர்வகுடி) அரசரின் மருத்துவர், பின்பாதி நம் பக்கத்துச் சொல்.

இப்போது செவரஸ். கி.பி. 145 வாக்கில் லிபியாவின் லெப்டிஸ் மாக்னாவில் பிறந்தார். 193 முதல் 211 வரை பேரரசர். இறந்தது வட இங்கிலாந்தின் யார்க்கில். கடைசிவரை அவர் பேச்சில் ஆப்பிரிக்க வாடை போகவில்லை என்று பழைய வரலாற்று நூல் ஒன்று சொல்கிறது. எகிப்தில் கிடைத்த ஒரு மரப்பலகை ஓவியம், இப்போது பெர்லினில் இருக்கிறது, அவரை மாநிறத்தில், நரைத்த தாடியோடு காட்டுகிறது. தந்தை வழி பியூனிக் (கார்த்தேஜ் மரபில் வந்த) ஆப்பிரிக்கக் குடும்பம், தாய் வழி இத்தாலியத் தொடர்பு. இன்று நாம் சொல்கிற பொருளில் 'கறுப்பினத்தவர்' என்று சொல்ல ஆதாரம் போதாது. வெள்ளைப் பளிங்குச் சிலையைப் பார்த்துவிட்டு வெள்ளை ஐரோப்பியர் என்று சொல்வதும் அதே தவறுதான். ரோமர்கள் நிறத்தைக் கவனித்தார்கள், கிண்டலும் செய்தார்கள். ஆனால் நிறத்தை வைத்து யார் குடிமகன், யார் அடிமை என்று பிரிக்கும் பழக்கம் அவர்களிடம் இல்லை. அவர் ஆப்பிரிக்கர் என்று தயங்காமல் சொல்லலாம்.

அதேபோல் அகஸ்டின். கி.பி. 354இல் அல்ஜீரியாவின் தகாஸ்தேயில் பிறந்து, 430இல் ஹிப்போவில் வாண்டல்கள் என்ற ஜெர்மானியப் படையின் முற்றுகைக்கு நடுவே இறந்தவர். மேற்கத்திய கிறிஸ்தவச் சிந்தனையில் அவர் இல்லாத மூலையே இல்லை. அவருடைய உச்சரிப்பை இத்தாலியர்கள் திருத்தினார்களாம். பியூனிக் மொழியைக் கேலி செய்த ஒருவருக்கு, ஆப்பிரிக்கனாக இருந்துகொண்டு ஆப்பிரிக்கருக்கு எழுதும்போது இப்படிப் பேசலாமா என்று கோபமாகப் பதில் எழுதினார். இன்னொருவர் ஹேட்ரியன், ஆப்பிரிக்காவில் பிறந்த துறவி. 670 வாக்கில் இங்கிலாந்தின் கேன்டர்பரிக்குப் போய், தியோடர் என்ற பேராயரோடு சேர்ந்து லத்தீனும் கிரேக்கமும் கற்பித்தார். ஆங்கிலேயருக்குக் கிரேக்கம் சொல்லிக்கொடுத்த முதல் ஆசிரியர்களில் ஒருவர் ஆப்பிரிக்கர் என்பதை எந்தப் பாடப்புத்தகம் நமக்குச் சொன்னது?

ரோமின் ஆட்சிக்குள் வராத ஆப்பிரிக்காவிலும் கிரேக்கம் வாழ்ந்தது. எத்தியோப்பியாவின் அக்சும் அரசர்கள் தங்கள் நாணயங்களில் கிரேக்க எழுத்தைப் பொறித்தார்கள். 4ஆம் நூற்றாண்டில் எசானா அரசர் தன் வெற்றியைக் கிரேக்கம் உட்பட மூன்று வகையாகக் கல்லில் வெட்டினார். எத்தியோப்பியர்கள் இன்றைக்கும் பயன்படுத்துகிற மரபு எண்கள் கிரேக்க எழுத்துகளிலிருந்து உருவானவை. சூடானில், பழைய குஷ் நாட்டு மண்ணிலேயே, நூபியக் கிறிஸ்தவ அரசுகள் கிரேக்கத்தில் வழிபட்டன. டொங்கோலாவின் பேராயர் ஜார்ஜியோஸ் 1113இல் இறந்தபோது அவர் கல்லறை வாசகம் கிரேக்கத்தில் எழுதப்பட்டது. லண்டனிலும் பாரிசிலும் கிரேக்கம் தெரிந்தவரைத் தேட வேண்டியிருந்த காலம் அது.

அந்த நூபியாவின் ஃபராஸ் பேராலய ஓவியங்களை, அஸ்வான் அணை நீரில் மூழ்கும் முன், 1960களின் தொடக்கத்தில் போலந்து நாட்டுக் குழு ஒன்று சுவரிலிருந்து பெயர்த்து மீட்டது. கறுத்த முகத்தோடு பேராயர் பெட்ரோஸ் நிற்கிறார். பின்னால் புனித பேதுரு அவர் தோளில் கைவைத்திருக்கிறார். ஓவியங்களில் ஒரு பங்கு வார்சாவுக்கும் ஒரு பங்கு கார்ட்டூமுக்கும் போயின. 2023இல் தொடங்கிய போரில் கார்ட்டூம் அருங்காட்சியகம் சூறையாடப்பட்டது என்ற செய்தியைப் படித்த நாள் எனக்கு இன்னும் கனக்கிறது.

அப்படியானால் நாம் ஏன் இதையெல்லாம் படிக்கவில்லை? 18, 19ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் கிரேக்க, லத்தீனப் படிப்பைத் தங்கள் முன்னோர் சொத்தாக வகுத்த காலமும், அதே நாடுகள் ஆப்பிரிக்கரை அடிமைகளாக விற்று, பிறகு ஆப்பிரிக்காவைப் பங்குபோட்ட காலமும் ஒன்றே. அல்ஜீரியாவைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் தங்களை ரோமின் வாரிசுகள் என்றார்கள். முசோலினியின் இத்தாலி லெப்டிஸ் மாக்னாவை அகழ்ந்து, 'நாங்கள் எங்கள் மண்ணுக்குத் திரும்பி வந்திருக்கிறோம்' என்று லிபியர்களிடமே காட்டியது. செவரஸ் பிறந்த ஊரை வைத்தே அந்த ஊர்க்காரர்களை அந்நியராக்கினார்கள்.

அதற்கு முன்பும், அதே காலத்திலும் ஆப்பிரிக்கர்கள் அந்த மொழிகளைக் கையில் எடுத்தார்கள். 16ஆம் நூற்றாண்டில் அடிமையாக இருந்து மீண்ட ஹுவான் லத்தீனோ ஸ்பெயினின் கிரனாடாவில் லத்தீன் கற்பித்து, லெபான்டோ கடற்போரைப் பற்றி லத்தீன் காவியம் எழுதினார். கானாவின் ஆக்சிமில் பிறந்த அன்டன் வில்ஹெம் ஆமோ, 1729இல் ஜெர்மனியின் ஹாலேயில், ஐரோப்பாவிலுள்ள ஆப்பிரிக்கரின் உரிமை பற்றி வாதாடினார். ஆப்பிரிக்க அரசர்களுக்கு ரோமப் பேரரசர்கள் உரிமைப் பட்டயம் கொடுத்திருந்தார்களே என்பது அவர் வாதம். ரோமச் சட்டத்தையே சாட்சிக்கு அழைத்தார். மேற்கு ஆப்பிரிக்காவில் பிறந்து, 1761இல் சிறுமியாகக் கப்பலில் பாஸ்டனுக்கு வந்து விற்கப்பட்ட ஃபிலிஸ் வீட்லி, 1773இல் வந்த தன் கவிதைத் தொகுப்பின் முதல் கவிதையிலேயே டெரன்ஸை நினைக்கிறார். அவர் பிறப்பால் ஆப்பிரிக்கர் என்று அடிக்குறிப்பும் போடுகிறார். ஆப்பிரிக்க இனத்தில் ஒருவருக்கு மட்டும்தான் அருள்வீர்களா என்று கலைத்தேவியரைக் கேட்கிறார். அடிமையாகப் பிறந்த வில்லியம் சாண்டர்ஸ் ஸ்கார்பரோ 1881இல் அமெரிக்காவில் கிரேக்கப் பாடநூல் வெளியிட்டார்.

விடுதலைக்குப் பிறகும் அது நிற்கவில்லை. செனகலின் முதல் அதிபர் செங்கோர் பிரான்சில் லத்தீனும் கிரேக்கமும் கற்பித்த ஆசிரியர். நைஜீரியாவின் ஓலா ரோட்டிமி 1968இல் ஈடிப்பஸ் கதையை யொரூபா அரசவைக்குக் கொண்டுவந்தார். வோலே சோயின்கா 1973இல் கிரேக்க நாடகாசிரியர் யூரிப்பிடிஸ் படைத்த டயோனிசஸ் என்ற தெய்வத்தை யொரூபா தெய்வம் ஒகூனின் உடன்பிறப்பாகக் கண்டார். தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவுச் சிறையில் கைதிகள் சோஃபோக்ளீஸின் ஆன்டிகனியைப் போட்டார்கள். அரசாணையை மீறித் தன் அண்ணனுக்கு ஈமக்கடன் செய்த பெண்ணின் கதை அது. அவளைச் சாவுக்கு அனுப்புகிற மன்னன் கிரியோனாக நடித்தவர் நெல்சன் மண்டேலா. தன்னைச் சிறைவைத்தவர்களின் குரலில் பேச வேண்டிய அந்த வேடத்தைப் பற்றி அவர் பின்னாளில் தன்வரலாற்றில் எழுதினார். சட்டத்தைவிட மேலான ஒன்று உண்டு என்பதால் ஆன்டிகனிதான் எங்கள் போராட்டத்தின் அடையாளம் என்றும் எழுதினார்.